ஆன்டிபயாடிக் நிறுவனத்தில் வேலை சரி, சேமிப்பையும் அங்கேயே போடலாமா?

பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், வயது 36. மருத்துவமனை ஒன்றின் கல்ச்சர் ஆய்வகத்தில், அதாவது நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் இடத்தில், வேலை. எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியாவை வாரம் தவறாமல் பார்க்கிறவர். அவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது.

முதலாவது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறிய நிறுவனம். கையில் ஒரே மருந்துதான்: சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான ஊசி வகை ஆன்டிபயாடிக். மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிந்து, கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. சம்பளம் குறைவு, அதை ஈடுகட்ட ஸ்டாக் ஆப்ஷன் (குறித்த விலையில் நிறுவனப் பங்கைப் பின்னால் வாங்கும் உரிமை) தருகிறார்கள். இரண்டாவது, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் மருந்துகளின் ஜெனரிக் தயாரிப்பாளர். தர ஒழுங்குப் பிரிவில் வேலை, கூடுதல் சம்பளம், 'சுவாரசியம் இல்லாத வேலை' என்பது அவர் சொற்கள்.

அவர் மனம் முதலாவதன் பக்கம் சாய்ந்துவிட்டது. அதோடு, குடும்பச் சேமிப்பில் பாதியை அதே நிறுவனத்தின் பங்குகளில் போடவும் எண்ணுகிறார். காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன, ஆகவே விற்பனையும் பெருகும். பெரிய நிறுவனங்கள் விலகிவிட்டதால் போட்டி இல்லை. ஹெபடைடிஸ் சி மாத்திரையைப் போல விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு அவசியமான மருந்து வைத்திருக்கும் நிறுவனத்தை அரசுகள் மூழ்கவிடாது. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: நேர்முகத்தில் ஒரு மேலாளர், இன்னும் வெளியிடப்படாத ஒரு நல்ல செய்தியை இவரிடம் சொன்னாராம்.

முதலில் அந்தக் கடைசி வரி

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனம் பற்றி, பங்கு விலையை அசைக்கக்கூடிய, பொதுவில் வராத தகவல் ஒன்று உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பங்கு வாங்குவது பெரும்பாலான நாடுகளின் பங்குச் சந்தைச் சட்டத்தில் குற்றம். நீங்கள் இன்னும் ஊழியர் இல்லை என்பது தற்காப்பாகாது. தகவல் எப்படி வந்தது, அதற்குப் பின் என்ன வாங்கினீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். கணவர் பெயரில், அண்ணன் பெயரில் வாங்கினாலும் அதே கதைதான். அவர்களிடம் சொல்வதே கூடத் தவறாகலாம். அந்தச் செய்தி பொதுவில் வரும்வரை ஒரு பங்கும் வாங்காதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். செய்தி என்னவென்று எங்களுக்கு எழுதியிருந்த வாக்கியத்தை நாங்கள் நீக்கிவிட்டோம். சொன்ன மேலாளரும் சட்டப்படி சிக்கலில் இருக்கிறார். வேலைக்கு எடுக்க வேண்டியவரிடம் இப்படிப் பேசும் நிர்வாகம் எப்படிப்பட்டது என்பதையும் ஒரு குறிப்பாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவை வேறு, விற்பனை வேறு

உங்கள் முதல் காரணத்தின் முன்பாதி முழு உண்மை. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பின்பாதிதான் தவறு. புதிய ஆன்டிபயாடிக் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு மருத்துவர்கள் அதைத் தொடாமல் வைப்பார்கள். வைக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த வகைப்பாட்டில் இத்தகைய மருந்துகள் 'ரிசர்வ்' பிரிவில்தான் போகின்றன. வேறு வழியே இல்லாத நோயாளிக்கு, ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுக்கும் மருந்து அது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல ஆயுள் முழுக்க யாரும் விழுங்கப் போவதில்லை.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு முழுச் சிகிச்சை 10,000 டாலர். முதல் ஆண்டில் 2,000 நோயாளிகள். வருவாய் 2 கோடி டாலர். இதற்கு எதிரே நுண்ணுயிர் நீக்கிய ஊசி மருந்து தயாரிக்கும் ஆலையோடு ஒப்பந்தம், மருத்துவமனைகளைச் சந்திக்கும் விற்பனைக் குழு, குழந்தைகளில் செய்தே தீர வேண்டிய ஆய்வு, எதிர்ப்புத்திறன் வளர்கிறதா என்று ஆண்டுதோறும் கண்காணிக்கும் செலவு, பக்க விளைவு அறிக்கைகள் என்று வரிசையாக நிற்கும். பெரிய நிறுவனத்துக்கு இருபது மருந்துகள் சேர்ந்து தாங்கும் சுமையை, இங்கே ஒரே மருந்து தாங்க வேண்டும்.

ஏன் 2,000 பேரைக்கூட எட்டுவது கடினம் என்பதற்கு விடை உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மருந்து ஒப்புதல் பெற்ற மறுநாள் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் உங்கள் தானியங்கி சென்சிட்டிவிட்டி இயந்திரத்தின் பேனலில், அதாவது அது சோதிக்கும் மருந்துகளின் வரிசையில், அது வந்துவிடுமா? கையால் செய்யும் சோதனைக்கான டிஸ்க், ஸ்ட்ரிப் முதலில் வரும், அதுவும் உடனே அல்ல. பேனலில் ஏறப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை நீங்கள் கொடுக்கும் அறிக்கையில் அந்த மருந்தின் பெயரே இருக்காது. அறிக்கையில் இல்லாத மருந்தை எந்த மருத்துவர் எழுதுவார்? எழுதினாலும் மருத்துவமனையின் மருந்துக் குழு கேட்கும் முதல் கேள்வி, பழைய மருந்தைவிட இது மேலானது என்று நிரூபித்திருக்கிறீர்களா என்பது. பெரும்பாலும் பதில் 'இல்லை' என்பதுதான். இந்தப் பரிசோதனைகள் 'பழையதைவிட மோசமில்லை' என்று காட்டும்படியே அமைக்கப்படுகின்றன. எதற்கும் அடங்காத கிருமி உள்ள நோயாளிகளைத் தேடிப் பிடித்து ஆய்வில் சேர்ப்பது அவ்வளவு கடினம். தீவிர நிலையில் வருகிறார்கள், கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது, அதற்குள் வேறு மருந்து தொடங்கியிருக்கும். போதாததற்கு, ஒரு நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையாக மருத்துவமனைக்குப் பணம் தரும் முறை உள்ள நாடுகளில், விலையுயர்ந்த ஒவ்வொரு குப்பியும் மருத்துவமனையின் சொந்த நஷ்டம்.

போட்டி இல்லை என்ற எண்ணத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். போட்டிக்கு நிற்பவை, காப்புரிமை முடிந்து காசுக்கு மலிவாகக் கிடைக்கும் கொலிஸ்டின், ஜென்டாமைசின் போன்றவை. அவற்றோடு, ஒரே காலத்தில் சந்தைக்கு வரும் புதியவை. 2018, 2019 இரண்டு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் பிளாசோமைசின், எரவாசைக்ளின், ஒமடாசைக்ளின், செஃபிடெரகால், இமிபெனெம்–ரெலபேக்டம், லெஃபமுலின் எல்லாம் ஒப்புதல் பெற்றன. அடங்காத கிருமிகளும் ஒரே கூட்டமல்ல. மருந்தை உடைக்கும் கே.பி.சி. என்ற நொதி உள்ள கிருமிக்கு வேலை செய்யும் செஃப்டாசிடிம்–அவிபேக்டம், என்.டி.எம். என்ற இன்னொரு நொதியிடம் தோற்றுவிடும். சந்தை ஏற்கெனவே சிறியது, அதை நொதிவாரியாகக் கூறு போட்டால் என்ன மிஞ்சும்?

ஒப்புதலுக்குப் பின் மூழ்கிய கதை

அகேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வரலாறு உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்போடு அச்சாகப் பொருந்துகிறது. பிளாசோமைசின் என்ற ஊசி மருந்து, சிக்கலான சிறுநீர்த் தொற்று, பட்டியலிடப்பட்ட பங்கு. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது, ஆனால் சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும். இரத்தத் தொற்றுக்கும் கேட்டிருந்தார்கள். கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கு அடங்காத கிருமிகளுக்கான ஆய்வின் முக்கியப் பிரிவில் 39 பேரை மட்டுமே சேர்க்க முடிந்திருந்தது, அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. உண்மையில் மருந்து அதிகம் பயன்பட்டிருக்கக்கூடிய இடம் அதுதான். ஒப்புதல் வந்த அடுத்த மாதமே ஊழியர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேலானோரை வெளியே அனுப்பினார்கள். அந்த ஆண்டின் விற்பனை 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 2019 ஏப்ரலில் திவால் மனு. சொத்துகள் மொத்தமும் ஏலத்தில் சுமார் 1.6 கோடி டாலருக்குப் போயின. சில மாதங்கள் கழித்து உலக சுகாதார நிறுவனம் பிளாசோமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது! மருந்து பிழைத்தது, வேறு கைகளில். பங்கு வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

அரசு கைவிடாது என்கிறீர்கள். இந்த மருந்தை உருவாக்க அமெரிக்க அரசு அமைப்பான பார்டா 10 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தங்களைக் கொடுத்திருந்தது. வளர்க்கப் பணம் தந்தார்கள், விளைந்ததை வாங்க ஆள் இல்லை. இந்தத் துறையின் நோய் இதுதான் என்பேன். ஆராய்ச்சிக்கு 2016-இல் தொடங்கிய கார்ப்-எக்ஸ் என்ற நிதித் திட்டம் இருக்கிறது. நடுக்கட்டப் பரிசோதனைகளுக்கு 2020-இல் மருந்து நிறுவனங்களே சேர்ந்து சுமார் 100 கோடி டாலர் இலக்கோடு தொடங்கிய ஏ.எம்.ஆர். ஆக்‌ஷன் ஃபண்ட் இருக்கிறது. ஒப்புதலுக்குப் பிறகுதான் பாலைவனம்.

அது ஒரு நிறுவனத்தின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. மெலின்டா நிறுவனத்திடம் ஒப்புதல் பெற்ற நான்கு ஆன்டிபயாடிக்குகள் இருந்தன. 2019 டிசம்பரில் அதுவும் திவால் மனு போட்டது. எரவாசைக்ளினை உருவாக்கிய டெட்ராஃபேஸ் 2020-இல் கைமாறியது. அஸ்ட்ராசெனகா 2016-இல் தன் ஆன்டிபயாடிக் வணிகத்தை ஃபைசருக்கு விற்றதும், நோவார்ட்டிஸ் 2018-இல் இந்த ஆராய்ச்சியையே மூடியதும் அறிவில்லாமல் செய்தவை அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து விலகியவை.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றில் பாடம் இருக்கிறது. ஒமடாசைக்ளின் வைத்திருந்த பாராடெக் தாக்குப்பிடித்ததற்கு ஒரு பெரிய காரணம், 2019 டிசம்பரில் ஆந்த்ராக்ஸ் தற்காப்புக்காக அமெரிக்க அரசோடு போட்ட 28.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம். அந்த மருந்து மாத்திரையாகவும் கிடைக்கும், நோயாளி வீட்டிலிருந்தே சாப்பிடலாம். இங்கிலாந்தில் 2022 ஜூலையில் செஃபிடெரகாலுக்கும் செஃப்டாசிடிம்–அவிபேக்டமுக்கும் சந்தா முறை வந்தது. எத்தனை குப்பி பயன்பட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான தொகை. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நாடு மட்டும் கொடுத்தால் ஒரு நிறுவனம் பிழைக்காது. அமெரிக்காவில் இதே நோக்கத்தில் பாஸ்டர் சட்ட மசோதா 2020 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. வராத சட்டத்தை நம்பிச் சேமிப்பைப் போடாதீர்கள்.

ஹெபடைடிஸ் சி உதாரணம் ஏன் பொருந்தாது

ஹெபடைடிஸ் சி மாத்திரையான சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் ஒப்புதல் பெற்றபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று அதை விற்ற கிலியட் நிறுவனம் விலை வைத்தது உண்மை. அதற்கு முன் இருந்தவை மாதக்கணக்கில் உடலை வாட்டி எடுத்து, பாதிப் பேருக்குத்தான் பலித்த இன்டர்ஃபெரான் ஊசிகள். பல ஆண்டுகளாகக் காத்திருந்த நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். நோயைப் பத்து நிமிடப் பரிசோதனையில் சந்தேகமறச் சொல்ல முடியாவிட்டாலும், அவசரம் இல்லாத நோய் என்பதால் காத்திருந்து உறுதிசெய்து, காப்பீட்டோடு வாதாடி வாங்க நேரம் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நேரம் கிடையாது.

அந்தத் தங்கச் சுரங்கமும் நிலைக்கவில்லை. கிலியட்டின் ஹெபடைடிஸ் சி விற்பனை 2015-இல் சுமார் 1,910 கோடி டாலர், 2018-இல் சுமார் 370 கோடி. குணமானவர் மறுபடி வாங்க வரமாட்டார். வரிசை குறைந்தது. 2017-இல் போட்டி நிறுவனமான ஆப்வி தன் 8 வார மருந்தை 26,400 டாலருக்குச் சந்தையில் இறக்கியது. கொள்ளை நோய் மருந்து இன்னும் வேகமாகச் சரியும்: கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டின் விற்பனை 2022-இல் 1,890 கோடி டாலர், 2023-இல் 128 கோடி. (அரசின் கையிருப்பைத் திரும்பப் பெறும் கணக்கும் அதில் கழிந்தது.) தொற்று நோய் மருந்துகளில் ஆண்டுதோறும் நின்று சம்பாதிப்பது எச்.ஐ.வி. மட்டுமே என்று சொல்லிவிடலாம். காரணம், கட்டுப்படுத்தலாம், ஆனால் குணமாக்க முடியாது, வாழ்நாள் முழுக்கத் தினமும் மாத்திரை வேண்டும். பிக்டார்வி என்ற ஒரே மாத்திரை 2024-இல் 1,340 கோடி டாலர் ஈட்டியது.

'சுவாரசியம் இல்லாத' அந்த இன்னொரு வேலை

அதை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள். 2000 வாக்கில் எச்.ஐ.வி. கூட்டுச் சிகிச்சை ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்திய ஜெனரிக் நிறுவனமான சிப்லா அதையே 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2023-இல் குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியம் மூலம் வாங்கும் முதல் வரிசை மருந்து ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இந்த வணிகத்தில் லாபம் மாத்திரைக்குச் சில்லறைக் காசுதான். டெண்டரில் ஜெயிப்பதும், உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி ஆய்வில் ஆலை தேறுவதும்தான் உயிர். தேறவில்லை என்றால் பெரிய கொள்முதல்களில் கலந்துகொள்ளவே முடியாது. அதனால் தர ஒழுங்குப் பிரிவில் தேர்ந்தவருக்கு எங்கே போனாலும் மதிப்பு.

ஆபத்து இல்லாத இடம் என்றும் சொல்லமாட்டேன். வாங்குவோர் ஒரு கை விரலில் அடங்குவார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, உதவிப் பணத்தை நம்பிய எச்.ஐ.வி. மருந்து வினியோகம் எப்படித் தடுமாறியது என்று பார்த்தோம். ஆகவே நேர்முகத்தில் கேளுங்கள்: வருவாயில் எத்தனை சதவீதம் உதவி நிறுவன டெண்டர், எத்தனை சதவீதம் மற்றது? மூலப்பொருளைத் தாங்களே செய்கிறார்களா, ஒரே இடத்திலிருந்து வாங்குகிறார்களா? 2016-இல் சீனாவில் ஒரே ஆலையில் நடந்த வெடிப்பால் பிபெராசிலின்–டாசோபேக்டம் என்ற ஆன்டிபயாடிக் உலகெங்கும் தட்டுப்பட்டது நினைவிருக்கும். உங்கள் ஆய்வகமே அந்தத் தட்டுப்பாட்டைப் பார்த்திருக்கலாம்.

முதல் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

சேமிப்பைப் பற்றி என் கருத்து ஒரே வரி: அங்கே ஒரு காசும் வேண்டாம். சட்டச் சிக்கல் நீங்கிய பிறகும் வேண்டாம். சம்பளமும் சேமிப்பும் ஒரே மருந்தில் தொங்கினால், ஒரே செய்தியில் இரண்டும் போகும். வேலை வேறு விஷயம். அந்த அனுபவம் உங்களுக்குப் பொருள் உள்ளது, மருந்தை நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்கள். ஆனால் சேருமுன் இவற்றுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள்.

கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? ஒப்புதலுக்குப் பின் விற்பனைக் குழு சேர்ந்ததும் செலவு கூடும், அந்தச் செலவை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 18 மாதத்துக்குக் குறைவென்றால் புதிய பங்கு வெளியிட்டோ கடன் வாங்கியோதான் ஓடும். கடன் இருந்தால் அதன் நிபந்தனைகள் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். குறைந்தபட்ச விற்பனை, குறைந்தபட்சக் கையிருப்பு என்ற இரண்டு நிபந்தனைகள்தான் பல நிறுவனங்களின் கழுத்தை இறுக்கியவை.

ஒப்புதல் எந்த நோய்க்குக் கேட்கப்பட்டிருக்கிறது? சிறுநீர்த் தொற்று மட்டுமா, நிமோனியா, இரத்தத் தொற்றும் உண்டா? மாத்திரை வடிவம் வருகிறதா?

சென்சிட்டிவிட்டி இயந்திரத் தயாரிப்பாளர்களோடு வேலை தொடங்கிவிட்டதா? இந்தக் கேள்விக்கு நிர்வாகம் தடுமாறினால், அவர்களுக்கு மருத்துவமனை தெரியவில்லை என்று பொருள். இதற்குச் சரியான ஆள் நீங்களே. அந்தப் பொறுப்பையே உங்கள் பதவியாகக் கேட்டால், சம்பளப் பேச்சில் உங்கள் கை ஓங்கும்.

தயாரிப்பு எத்தனை ஆலைகளில்? அரசுக் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானதா, பேச்சில் இருப்பதா?

ஸ்டாக் ஆப்ஷனைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மிச்சச் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். வழக்கமாக அது நான்கு ஆண்டுகளில் படிப்படியாகத்தான் உங்களுக்கு உரிமையாகும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமே கிடைக்காது. பங்கு விலை ஆப்ஷன் விலைக்குக் கீழே போனால் அது வெறும் தாள். திவாலானால் கடன் கொடுத்தவர்கள் முதலில், பங்குதாரர் கடைசியில். அதனால் ஆப்ஷனைக் குறைத்துக்கொண்டு சம்பளத்தையும், ஆட்குறைப்பு நடந்தால் ஆறு மாதச் சம்பளம் என்ற வரியையும் கேளுங்கள். ஆனால் திவாலான நிறுவனத்தில் அந்த வரியும் கடன்காரர் வரிசையில் நிற்கும் என்பதால், ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் தனியே வைத்திருங்கள். வேலைச் சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும், கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

ஒப்புதல் முடிவு வரவேண்டிய தேதியை இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் பொதுவில் அறிவித்திருக்கும். சேரும் நாளை அதற்கு ஒரு மாதம் பின்னால் வைக்க முடியுமா என்று இன்றே கேட்டு எழுதுங்கள். ஜெனரிக் நிறுவனத்திடமும் பதில் சொல்ல அதே அளவு அவகாசம் கேளுங்கள். இரண்டில் ஒன்றாவது கையெழுத்தோடு கைக்கு வரும்வரை ஆய்வக வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்.